ஏழாவது மாடிக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு வயது 45. பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். 19 வருடமாகச் சென்னையில் ஒரே நிறுவனத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. முதலில் அமெரிக்க டாக்டர்கள் பேசியதைக் கேட்டு டைப் அடித்தேன். பிறகு கம்ப்யூட்டர் டைப் அடித்ததைத் திருத்தும் எடிட்டர் ஆனேன். பெரும்பாலும் எலும்பு அறுவைச் சிகிச்சை ரிப்போர்ட்கள்தான். இப்போது அந்த ஆஸ்பத்திரி ஏ.ஐ.க்கு மாறுவதால் மூன்று மாதத்தில் எங்கள் பிரிவை மூடுகிறார்கள். ராஜினாமா கடிதம் கொடுத்தால் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும் என்கிறது எச்.ஆர். ஒரு பயிற்சி நிலையம் மெடிக்கல் கோடிங் (ரிப்போர்ட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் பில்லுக்கான குறியீட்டு எண் தருவது) சொல்லித்தர 75,000 ரூபாய் கேட்கிறது, வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதமாம். எங்கள் கட்டடத்திலேயே ஏழாவது மாடியில் கோடிங் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாரும் என் பெண் வயதுப் பிள்ளைகள். வருகிற பணத்தில் டிபன் கடை போடலாம் என்கிறார் கணவர். பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். என் சம்பளம் 34,000. 19 வருஷம் என்னதான் செய்தேன் என்று நினைத்தால் வெறுமையாக இருக்கிறது. இனிமேல் நான் எதற்கு லாயக்கு?
— பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்:

சகோதரி, முதலில் அந்த ராஜினாமா கடிதம். எழுதிக் கொடுக்காதீர்கள். பிரிவை மூடுவது நிறுவனத்தின் முடிவு. நீங்களாக "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதினால் அது உங்கள் முடிவாகிவிடும். ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்த, நிர்வாகப் பொறுப்பில் இல்லாத ஊழியரை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் தர வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் பதவி அந்த வரையறைக்குள் வருமா என்று நிறுவனம் வாதாடலாம். வாதாடட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் வாதாடக்கூட இடம் இருக்காது. "பிரிவு மூடப்படுவதால் என் கடைசி வேலை நாள் எது, எனக்கு வரவேண்டிய தொகைகள் எவை என்று எழுத்தில் தெரிவியுங்கள்" என்று எச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்பி, அதன் நகலை உங்கள் சொந்த மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். தொகை பெரிதாகத் தெரிந்தால் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவிடுவது நஷ்டமில்லை.

கிராஜுவிட்டி எப்படியும் உண்டு. ராஜினாமா செய்தாலும் உண்டு, அனுப்பினாலும் உண்டு. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய பேஸிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் பேஸிக் 17,000 என்று வைத்துக்கொண்டால் 19 வருடத்துக்குச் சுமார் 1,86,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகக் கணக்கில் சேரும் என்பதால் சேர்ந்த தேதியைச் சரிபாருங்கள். 30 நாளுக்குள் தந்தாக வேண்டிய பணம் இது. "சீக்கிரம் வரும்" என்று ஆசை காட்டிக் கடிதம் வாங்க அதில் எதுவுமில்லை.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். அடுத்த வேலையில் யூ.ஏ.என். என்ற அதே பி.எஃப். எண்ணைக் கொடுத்துத் தொடருங்கள். பத்து வருடச் சேவையைத் தாண்டிவிட்டதால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு நீங்கள் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டீர்கள். இன்னும் சேரும் வருடங்கள் அதைக் கூட்டும். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பியுங்கள். மாறாமல் புதிதாக எடுத்தால், வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரியை நீங்கள் குறையாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்: ஏழாவது மாடியில் கோடிங் பிரிவு இருக்கிறது. உங்கள் வயதில், கோடிங் அனுபவம் இல்லாமல், வெளியிலிருந்து ஒரு கோடிங் கம்பெனிக்குள் நுழைவது கடினம். ஃபிரெஷர் ஆட்சேர்ப்பில் "கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் மட்டும்" என்ற வடிகட்டி இருக்கும். உங்கள் பயோடேட்டா மனிதக் கண்ணுக்குப் போகுமுன்பே நின்றுவிடும். ஆரம்பச் சம்பளமும் 15,000 முதல் 20,000 வரைதான். உள்ளேயிருந்து மாடி மாறுகிறவருக்கு அந்த வடிகட்டி கிடையாது. 19 வருடச் சேவை அறுபடாது, கிராஜுவிட்டிக் கணக்கு தொடரும், சம்பளத்தைப் பாதியாகக் குறைக்க எச்.ஆருக்கும் கை வராது. மூன்று மாத அவகாசம் இருக்கிறதே, அதை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

ஆனால் அங்கே போய் "எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்று நிற்கக் கூடாது. எதைக் கொண்டுபோகிறீர்கள் என்று உங்களுக்கே முதலில் தெளிவாக வேண்டும். டைப்பிங் வேகத்தைச் சொல்லாதீர்கள். 65 எழுத்துக்கு ஒரு வரி என்று எண்ணிக் காசு கொடுத்த காலம் முடிந்துவிட்டது. உங்களிடம் இருப்பது வேறு இரண்டு.

ஒன்று, ஆபரேஷன் நோட்டைப் படித்தால் மேஜையில் என்ன நடந்தது என்று உங்களுக்குப் படமாகத் தெரியும். இரண்டாவது, டாக்டர் சொன்னது காதில் சரியாக விழாவிட்டால் ஊகித்து நிரப்பாமல் நேரத்தைக் குறித்து பிளாங்க் விட்டுப் பழகியவர் நீங்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலாவதைச் சொல்லித்தர ஒரு வருடம் ஆகும். இரண்டாவது பலருக்குக் கடைசிவரை வருவதில்லை. கோடிங்கில் அந்த பிளாங்குக்குப் பெயர் க்வெரி. சார்ட்டில் (நோயாளியின் மருத்துவப் பதிவில்) தெளிவில்லை என்றால் கோடர் தானாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் கேள்வி அனுப்ப வேண்டும்.

இந்தத் தொழில் என்ன கேட்கிறது என்று ஓர் எலும்பு உதாரணத்திலேயே பாருங்கள். முழங்கால் மூட்டுக்குள் கேமரா விட்டு முதலில் முழுவதும் பார்க்கிறார் டாக்டர். உட்புற மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வு) கிழிந்திருப்பதால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கிறார். குருத்தெலும்பையும் கொஞ்சம் வழித்துச் சமன் செய்கிறார். நோட்டின் தலைப்பில் மூன்று செயல்முறைகளை வரிசையாக எழுதியிருப்பார். புதிய கோடர் 29870, 29881, 29877 என்று மூன்றையும் போடுவார். சரியான விடை 29881 மட்டும். பார்த்தது வெட்டியதில் அடக்கம். குருத்தெலும்பை வழித்ததும் அந்தக் குறியீட்டின் விளக்கத்திலேயே அடங்கியிருக்கிறது. உள், வெளி இரண்டு மெனிஸ்கஸையும் வெட்டியிருந்தால் 29880. ஆக, நோட்டின் தலைப்பை நம்பாமல் உள்ளே எழுதியிருப்பதைப் படித்துத்தான் குறியீடு தர வேண்டும். இப்படிப்பட்ட நோட்டுகளை நீங்கள் வருடக்கணக்காக வரிவரியாகக் கேட்டுத் திருத்தியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாதது எண்ணும் விதியும்தான். அவை புத்தகத்தில் இருக்கின்றன, தேர்வு அறைக்கும் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம்.

தேர்வு என்றது சி.பி.சி., கோடர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு. அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. அமைப்பு நடத்துவது. 100 கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை, நான்கு மணி நேரம், தேற 70 விழுக்காடு. ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடிதான் வருகிறது. பெரும்பாலோர் தோற்பது நேரத்தால். எங்கே எவ்வளவு மதிப்பெண் என்று தெரிந்துகொண்டு படித்தால் பாதிப் பயம் போய்விடும். அறுவைச் சிகிச்சைப் பிரிவு 10,000 முதல் 60,000 வரையான ஆறு தொடர்கள், தொடருக்கு ஆறு கேள்வி வீதம் 36. உங்கள் எலும்பு, தசை இருப்பது 20,000 தொடரில். மருத்துவச் சொற்களுக்கு நான்கு, உடற்கூறியலுக்கு நான்கு. இந்த எட்டும் உங்களுக்குத் தூக்கத்தில் வரும். நோய்க் குறியீட்டுக்கு ஐந்து, விதிமுறைகளுக்கு ஏழு, டாக்டரைப் பார்க்கும் விசிட்டுகளுக்கு ஆறு, ரேடியாலஜி, லேப், பொது மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் ஆறு, மயக்க மருந்துக்கு நான்கு, கடைசியில் நீளமான கேஸ்கள் பத்து. மிச்சம் ஆறு சட்ட ஒழுங்குக்கும் உபகரணங்கள், ஊசிமருந்துகளின் குறியீட்டுக்கும்.

புத்தகங்கள் மூன்று: செயல்முறைகளுக்கு சி.பி.டி., நோய்களுக்கு ஐ.சி.டி-10-சி.எம்., உபகரணங்கள், ஊசிமருந்துகளுக்கு எச்.சி.பி.சி.எஸ். மூன்றும் தேர்வு எழுதும் ஆண்டினுடையதாக இருக்கட்டும். நோய்க் குறியீடுகள் ஒவ்வோர் அக்டோபர் 1-ஆம் தேதியும், செயல்முறைக் குறியீடுகள் ஜனவரி 1-ஆம் தேதியும் மாறும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய புத்தகத்தை வாங்கி, நீக்கப்பட்ட குறியீட்டை உருப்போட்டவர்கள் உண்டு. புத்தக ஓரத்தில் கையால் குறிப்பு எழுதிக்கொள்ளலாம், பக்கத்தை அடையாளம் காட்டும் டேப் ஒட்டலாம். தனித் தாளில் குறிப்பெழுதி ஒட்டினால் அனுமதிக்க மாட்டார்கள்.

ஐந்து மாதம், தினம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையங்கள் உடற்கூறியலிலேயே பல வாரம் ஓட்டும். நீங்கள் தாண்டிக் குதிக்கலாம். முதல் ஐந்து வாரம் நோய்க் குறியீட்டு விதிமுறைகள் மட்டும், அதாவது ஐ.சி.டி. புத்தகத்தின் முன்பகுதியில் எல்லாரும் புரட்டிவிட்டுப் போகிற பக்கங்கள். எந்தக் குறியீட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 70,000-க்கும் மேலே இருக்கின்றன. அகரவரிசைப் பட்டியலில் தேடி, அங்கே கிடைத்த எண்ணை அப்படியே எழுதாமல், எண்வரிசைப் பகுதிக்குப் போய் அடியிலுள்ள குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதும் பழக்கம் வர வேண்டும். அந்தக் குறிப்பில் எக்ஸ்க்ளூட்ஸ் 1 என்று இன்னொரு நோயைச் சொல்லியிருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. எக்ஸ்க்ளூட்ஸ் 2 என்றால் அது வேறு நோய், இருந்தால் இரண்டையும் போடலாம். இந்த ஒன்றைக் குழப்பிக்கொண்டே வேலையில் வருடக்கணக்காக இருக்கிறவர்களும் உண்டு.

அடுத்த எட்டு வாரம் அறுவைச் சிகிச்சைத் தொடர்கள், எலும்பில் தொடங்கி. தெரிந்த இடத்தில் விதியைக் கற்றால் தெரியாத இடத்தில் அதே விதி பிடிபடும். பிறகு மூன்று வாரம் விசிட்டுகள். 2021-க்கு முந்தைய பாடக் குறிப்பு யார் கொடுத்தாலும் தூக்கிப் போடுங்கள். அந்த ஆண்டு வெளிநோயாளி விசிட்டுகளுக்கும் 2023-இல் ஆஸ்பத்திரி விசிட்டுகளுக்கும் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. இப்போது மருத்துவ முடிவின் சிக்கலையோ செலவான நேரத்தையோ வைத்துத்தான் நிலை தீர்மானமாகிறது. ஏற்கெனவே வந்துபோகும் நோயாளியின் விசிட்டில், நேரத்தை வைத்துப் பார்த்தால், 99213-க்கு 20 நிமிடம், 99214-க்கு 30 நிமிடம் நிறைந்திருக்க வேண்டும். கடைசி நான்கு வாரம் கடிகாரத்தை வைத்து முழு மாதிரித் தேர்வுகள், வாரத்துக்கு ஒன்று. 80-க்கு மேல் மூன்று முறை வந்தபிறகு தேதி எடுங்கள். 70-ஐ ஒட்டி வந்துகொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள்.

டிரான்ஸ்கிரிப்ஷனிலிருந்து வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் தனி. இதைச் சொல்லித்தர ஆளில்லாததால் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்திருப்பதே பல இடங்களில் ஆபத்து. மருந்துப் பட்டியலில் மெட்ஃபார்மின் இருந்தால் உங்கள் கை தானாகச் சர்க்கரை நோய்க் குறியீட்டுக்குப் போகும். டாக்டர் எழுதாத நோயை மருந்தை வைத்துக் கோட் செய்யக் கூடாது. ஹீமோகுளோபின் 7 என்று லேப் ரிப்போர்ட் சொன்னாலும் ரத்தசோகை என்று டாக்டர் எழுதும்வரை அது வெறும் எண். இங்கேதான் க்வெரி அனுப்ப வேண்டும். "இருக்கலாம்", "சந்தேகம்" என்று எழுதப்பட்டதை வெளிநோயாளி சார்ட்டில் கோட் செய்யக் கூடாது, அறிகுறியை மட்டும் போட வேண்டும். அதே வாக்கியம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால், எச்.ஐ.வி. போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நோய் இருப்பதாகவே கோட் செய்ய வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். விதி அப்படி.

இதற்கு நேரெதிரான சறுக்கலும் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே எழுதிப் பழகியவர்கள், விதி தொடர்புபடுத்தச் சொல்லும் இடத்திலும் தனித்தனியாகவே விட்டுவிடுவார்கள். டாக்டர் மூன்று வரியில் எழுதுகிறார்: டைப் 2 சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் நிலை 3ஏ. முதல் இரண்டுக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும், தொடர்பில்லை என்று அவர் குறிப்பிடாதவரை தொடர்பு உண்டு என்றே கொள்ள வேண்டும். ஆகவே வெறும் இ11.9, ஐ10 போடக் கூடாது. இ11.22, ஐ12.9, என்18.31 என்று வர வேண்டும். எலும்பு முறிவுக் குறியீட்டின் ஏழாவது எழுத்து இன்னொரு பொறி. "ஏ" என்பது முதல் விசிட்டைக் குறிப்பதாகப் பலர் படித்து வைத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சை நடக்கும்வரை, பத்தாவது விசிட் ஆனாலும் "ஏ" தான். ஆறிவரும் கட்டத்துக்கு வந்தபிறகு "டி".

பயிற்சி செய்கிறேன் என்று இப்போது வேலை பார்க்கும் ரிப்போர்ட்களை வீட்டுக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். நோயாளி பெயரை அழித்துவிட்டாலும் வேண்டாம். போனில் படம் எடுப்பதும் வேண்டாம். 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டப்படி அது தகவல் கசிவு. 19 வருட நற்பெயரை இரண்டு நிமிடத்தில் தொலைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

75,000 ரூபாய்க்கு வருகிறேன். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்றாலே பர்ஸை மூடிவிடுங்கள். வேலை கொடுப்பது அவர்கள் கையில் இல்லை. உங்களுக்குத் தேவை ஒரு வழிகாட்டியும் மாதிரித் தேர்வுகளும்தான், முழு வகுப்பு அல்ல. அப்படியும் சேரத்தான் வேண்டும் என்றால் இவற்றைக் கேளுங்கள்: இந்தத் தொகையில் தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், மூன்று புத்தகங்கள் அடக்கமா? பாடம் நடத்துகிறவர் இப்போது கோடிங் வேலையில் இருக்கிறாரா? ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் தருவார்களா? இவற்றுக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கூடவே "இரண்டு வருட அனுபவச் சான்றிதழும் ஏற்பாடு செய்கிறோம்" என்று காதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிகள் யூ.ஏ.என். எண்ணில் எந்த மாதம் யார் பி.எஃப். கட்டினார்கள் என்று பார்த்துவிடும். சொல்லும் கம்பெனியின் பெயர் அதில் இல்லையென்றால் வேலை போவதோடு நிற்காது, அடுத்த கம்பெனிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அனுபவம் இல்லாமல் சி.பி.சி. தேறினால் பெயருக்குப் பின்னால் "ஏ" என்ற பயிற்சியாளர் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருட வேலை அனுபவம், அல்லது ஒரு வருட அனுபவமும் 80 மணி நேரப் பயிற்சியும் காட்டினால் அது நீங்கும். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

கோடிங்கையும் ஏ.ஐ. தின்றுவிடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஒரு பகுதியைத் தின்னும், தின்றுகொண்டும் இருக்கிறது. மார்பு எக்ஸ்ரே போன்ற குட்டி ரிப்போர்ட்கள்தான் முதலில் போகின்றன. இரண்டு கோணத்தில் எடுத்தால் 71046 என்பதற்கு மனிதர் வேண்டியதில்லை. ஆகவே ரேடியாலஜியில் இடம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். அறுவைச் சிகிச்சை கோடிங், உள்நோயாளி கோடிங், கிளெய்ம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் கண்டுபிடித்து மேல்முறையீடு எழுதுவது, ஆடிட் (மற்றவர்கள் போட்ட குறியீட்டைச் சரிபார்ப்பது), இவை நோட்டு நீளமாகவும் விதி சிக்கலாகவும் இருக்கும் இடங்கள். உங்கள் இலக்கு இரண்டு மூன்று வருடத்தில் எலும்பு அறுவைச் சிகிச்சையில் ஆடிட்டர் ஆவது. ஏ.ஆர். காலிங் (பாக்கி பில் தொகைக்காக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போன் செய்வது) வேலைக்கு இழுத்தால் யோசித்துச் செல்லுங்கள். அமெரிக்கப் பகல் நேரத்துக்குத்தான் அந்த ஷிஃப்ட். கோடிங் பெரும்பாலும் நம் பகல் வேலை. பிளஸ் ஒன் பெண் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

உங்கள் வேலையைப் பறித்த அதே ஏ.ஐ. இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது. டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானாக நோட்டு எழுதும் ஸ்க்ரைப் மென்பொருள்களின் குறை என்ன தெரியுமா? அவற்றுக்கு பிளாங்க் விடத் தெரியாது. விளங்காத இடத்தை நம்பிக்கையோடு நிரப்பிவிடும். செய்யாத பரிசோதனையைச் செய்ததாக எழுதும், அப்பாவுக்கு இருந்த நோயை மகனுக்கு ஏற்றும், "இல்லை" என்பதை விழுங்கும், இடதை வலதாக்கும். விழுங்கச் சிரமப்படும் டிஸ்ஃபேஜியாவும் பேசச் சொற்கள் வராமல் தடுமாறும் டிஸ்ஃபேசியாவும் ஒலியில் ஒரு மயிரிழைதான் வேறு. முன்னதன் குறியீடு ஆர்13.10, பின்னது ஆர்47.02. இலியம் இடுப்பெலும்பா, சிறுகுடலா என்பதும் அப்படியே. இந்த நோட்டுகளைச் சரிபார்க்கும் கியூ.ஏ. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். 19 வருடம் காதைத் தீட்டியவருக்கு இது கைவந்த வேலை. கோடிங்கும் தெரிந்தால் நோட்டின் பிழை எந்தக் கிளெய்மைக் கவிழ்க்கும் என்றும் சொல்ல முடியும். டிரான்ஸ்கிரிப்ஷன் தெரிந்தவரும் கோடிங் தெரிந்தவரும் தனித்தனியாக நிறையக் கிடைப்பார்கள். இரண்டும் தெரிந்தவர் குறைவு. வேலை தேடும்போது ஸ்க்ரைப் எடிட்டர், டாக்குமென்டேஷன் கியூ.ஏ. என்ற பெயர்களிலும் தேடுங்கள். டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போதே உடனிருந்து எழுதும் நேரடி ஸ்க்ரைப் மட்டும் இரவு வேலை.

19 வருஷம் என்ன செய்தேன் என்கிறீர்கள். நீங்கள் திருத்திய நோட்டில் இடது முழங்கால் இடதாகவே இருந்ததால் அடுத்த டாக்டர் சரியான காலைப் பார்த்தார். அது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. கோடிங்கில் பிழை வெளியே தெரியும். கிளெய்ம் மறுக்கப்படும், சில சமயம் பில் நோயாளியின் வீட்டுக்கே போய்விடும். உங்கள் கவனத்துக்கு அங்கே கணக்கு உண்டு. 95 விழுக்காடு துல்லியம் என்பது பல கம்பெனிகளில் தினசரி அளவுகோல். 98-ஐக் கேட்ட தொழிலிலிருந்து வருகிறவர் நீங்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று மாதம் அவர்கள் உங்களைவிட வேகமாக இருப்பார்கள். ஒரு நோட்டைக் கோட் செய்ய அவர்கள் பத்து நிமிடம் எடுத்தால் நீங்கள் இருபது எடுப்பீர்கள், ஏனென்றால் பழக்கதோஷத்தில் இலக்கணப் பிழையையும் மனசுக்குள் திருத்திக்கொண்டிருப்பீர்கள். அதை விடுங்கள், உங்கள் வேலை அதுவல்ல. இருபத்து மூன்று வயதுக்காரர் உங்களுக்கு டீம் லீடராக வந்து "மேடம், இது தப்பு" என்பார். கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து அறுவை நோட்டைத் தூக்கிக்கொண்டு "மேடம், இங்கே என்ன பண்ணியிருக்காங்க?" என்று அவர்கள் உங்கள் மேஜைக்கு வருவார்கள்.

டிபன் கடையை உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பத்து மாத வாடகை அட்வான்ஸிலேயே கிராஜுவிட்டியில் பெரும்பகுதி போய்விடும், சமையலில் அனுபவம் இருப்பதாக உங்கள் கடிதத்திலும் இல்லை. ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியே வைக்காமல் அந்தப் பேச்சே வேண்டாம். கோடிங்குக்கு மாறினால் உங்களுக்கு ஆகும் முதலீடு தேர்வும் மூன்று புத்தகமும்தான். சம்பளம் குறைந்தால் ஒன்றரை வருடம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதை இன்றே இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பெண்ணின் கல்லூரிச் செலவு தொடங்குவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும்.

இனி மாடி ஏறும் வேலை. கோடிங் பிரிவின் மேலாளருக்கு, எச்.ஆருக்கு நகலோடு, ஐந்து வரியில் மெயில் எழுதுங்கள். உங்கள் பிரிவு மூடப்படுவது; எலும்பு அறுவைச் சிகிச்சை நோட்டில் உங்கள் அனுபவமும் கடந்த ஒரு வருடக் கியூ.ஏ. மதிப்பெண்ணும், சி.பி.சி.க்குப் படிக்கத் தொடங்கியிருப்பதும் தேர்வு எழுதப்போகும் மாதமும்; கடைசி வரியில் ஒரு கோரிக்கை, "இரண்டு வாரம் எலும்பு அறுவை சார்ட்களில் சோதனை முறையில் உட்கார்கிறேன், உங்கள் ஆடிட்டர் மதிப்பெண் போடட்டும்." வேலை கொடுங்கள் என்று கேட்டால் இடம் இல்லை என்று சொல்வது சுலபம். சோதித்துப் பாருங்கள் என்றால் மறுக்கக் காரணம் தேட வேண்டும். ஐந்து வாரம் விதிமுறைகளைப் படித்து முடித்துவிட்டு அனுப்புங்கள், அதற்கு முன்பு வேண்டாம். சோதனையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

பத்து நாளில் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். மறுத்துவிட்டால், கடைசி நாளுக்கு முன்பே அனுபவச் சான்றிதழில் வெறும் "எடிட்டர்" என்று போடாமல் "எலும்பு அறுவைச் சிகிச்சை ஆவணங்கள், தரச் சரிபார்ப்பு" என்று விவரமாக எழுதித் தரும்படி எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள். வெளியே ஸ்க்ரைப் கியூ.ஏ. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அதில் சேர்ந்துகொண்டே தேர்வை எழுதலாம்.